ஏழாம் அத்தியாயம்: இரைச்சலை இனம் கண்டு அடக்குதல்

மீயொலியைக் கொண்டு உலோகத்தின் உட்குறைகளைத் தேடுகிறவர் திரையில் காணும் சின்னஞ்சிறு எழுச்சிகளுள் பெரும்பாலானவை குறைகளால் விளைந்தவை அல்ல என்பதை, முந்திய அத்தியாயங்களைப் பொறுமையுடன் படித்து வந்த வாசகர் இதற்குள் ஒருவாறு உணர்ந்திருப்பார். அடிக்கோட்டை ஒட்டி நிற்கும் அந்தச் சிற்றெழுச்சிகளின் கூட்டத்தைத் தொழிற்கூடத்தில் ‘கிராஸ்’ என்பார்கள். நூல்களில் இரைச்சல் என்று எழுதுவார்கள். அதன் உயரம் நாம் தேடும் குறையின் எதிரொலியை எட்டிவிட்டால், அதன் பின்னர் எத்தனை விலையுயர்ந்த கருவியாலும் எத்தனை கூர்மையான கண்ணாலும் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இத்தகைய சந்தர்ப்பத்தில், தொழிலுக்குப் புதியவர் தம்மையறியாமலே செய்யும் காரியம் கெயின் திருகைப் பிடித்து மேலே ஏற்றுவது. 6 டெசிபெல் ஏற்றினால் குறையின் எதிரொலி இருமடங்காகத்தான் உயரும். ஆனால் அதன் பக்கத்திலிருக்கும் இரைச்சலும் அதே விகிதத்தில் உயர்ந்து நிற்குமாதலால், இரண்டிற்கும் இடையிலுள்ள தாரதம்மியம் முன்னிருந்தபடியே இருக்கும். நமக்கு வேண்டியது எதிரொலியின் உயரமன்று, இரைச்சலைக் காட்டிலும் அது எத்தனை மடங்கு ஓங்கி நிற்கிறது என்னும் விகிதமே. மூன்றுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 10 டெசிபெல் வித்தியாசம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம், இரண்டுக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தீர்ப்புச் சொல்ல யோசிக்க வேண்டும். கெயினை ஏற்றிப் பயனில்லை என்று கண்டவர் அடுத்தபடியாக நாடுவது ‘ரிஜெக்ட்’ என்னும் திருகு. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழ்ப்பட்ட யாவற்றையும் அது திரையிலிருந்து மறைத்துவிடும். அடிக்கோடு துடைத்துவிட்டாற்போல் சுத்தமாகத் தோன்றும். ஆயினும் மறைந்தவற்றுள் சிறிய வெடிப்பு ஒன்றின் எதிரொலியும் இருந்திருக்கலாம் என்பதோடு, பல கருவிகளில் எஞ்சிய எதிரொலிகளின் உயரமும் உண்மையான விகிதத்தை இழந்து கணக்குக்கு உதவாமற் போய்விடும். அந்தத் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்; அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் அதைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, மறந்துவிடலாம்.

இரைச்சல் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றின் உற்பத்தி ஸ்தானமும் வேறு, பரிகாரமும் வேறு. ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குச் செய்தால் காலமும் உழைப்பும் வீணாவதே பலன். ஆகையால், அடக்க முற்படுவதற்கு முன்னர் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டும். இந்த விசாரணைக்கு விசேஷமான உபகரணம் எதுவும் தேவையில்லை. முதலில் ப்ரோப்பைப் பொருளிலிருந்து தூக்கி, அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் கப்ளன்டைத் துணியால் துடைத்துவிட்டு, கெயினை மாற்றாமல் திரையைப் பார்க்க வேண்டும். அப்போதும் போகாமலிருப்பது பொருளுக்குச் சம்பந்தமற்றது. பிறகு கேபிளையும் ப்ரோப்பிலிருந்து கழற்றிப் பார்த்தால், கழற்றியவுடன் மறைவது ப்ரோப்பின் உட்புறத்தில் அலைந்து திரியும் ஒலி என்றும், கழற்றிய பின்னும் நிலைப்பது கருவியிலோ சுற்றுப்புறத்திலோ பிறந்த மின் இரைச்சல் என்றும் பிரித்தறியலாம். மாறாக, ப்ரோப்பைத் தூக்கியவுடன் இரைச்சல் அடங்கிவிடுமாயின், அதை மீண்டும் பொருளின்மேல் வைத்து, கை அசையாமல் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். அசையாத ப்ரோப்பின் கீழும் துடிதுடிப்பது ஒரு வகை. ப்ரோப் அசையாதவரையில் சித்திரம்போல் நின்று, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியதும் முற்றிலும் வேறு உருவம் கொள்வது மற்றொரு வகை. இந்தப் பின்னது உலோகத்தின் உள்ளிருந்தே வருவது. அதைப்பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லப்படும்.

மின் இரைச்சலுக்குப் பரிகாரம் எளிது. பக்கத்துக் கொட்டகையில் யாரேனும் வெல்டிங் செய்துகொண்டிருந்தாலும், தலைக்கு மேலே கிரேன் ஓடினாலும், வேகம் மாற்றும் மின்கருவியோடு கூடிய மோட்டார் சுழன்றாலும், அவற்றிலிருந்து கிளம்பும் தீப்பொறி அலைகளைக் கேபிள் ஓர் ஆன்டெனாவைப்போல் வாங்கிக்கொள்ளும். கருவியை மின்தொடரிலிருந்து விடுவித்து பாட்டரியில் இயக்குவது, கேபிளை இயன்ற அளவு குட்டையாக வைத்து இரட்டைக் கவசமுள்ளதாகத் தேர்ந்தெடுப்பது, அதன்மேல் ஃபெரைட் வளையம் மாட்டுவது, தளர்ந்துபோன கனெக்டரை மாற்றுவது, பெறும் சுற்றின் அலைவரிசையைப் ப்ரோப்பின் அதிர்வெண்ணை ஒட்டிக் குறுக்குவது ஆகியவற்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் வெல்டர் தேநீர் குடிக்கப் போகும் வேளையை எதிர்பார்த்திருப்பதும் ஒரு வழிதான். ப்ரோப்புக்குச் செலுத்தும் துடிப்பின் மின்னழுத்தத்தை உயர்த்துவதும், துடிப்பின் அகலத்தை அதிர்வெண்ணின் அரைச் சுற்றுக்கு, அதாவது 2 மெகாஹெர்ட்ஸுக்கு 250 நானோவினாடி என்றும் 5 மெகாஹெர்ட்ஸுக்கு 100 நானோவினாடி என்றும் பொருத்தி வைப்பதும், உலோகத்தினுள் செல்லும் ஒலியைப் பலப்படுத்தி மின் இரைச்சலை ஒப்புநோக்கில் தாழ்த்தும். கருவியிலுள்ள சராசரி எடுக்கும் வசதியும் இங்கே உபகாரமானது: ஒரே இடத்தில் 16 துடிப்புகளின் பதில்களைக் கூட்டிச் சராசரி காணும்போது, ஒழுங்கற்ற இரைச்சல் நான்கில் ஒரு பங்காக, அதாவது 12 டெசிபெல் தாழ்ந்துவிடுகிறது; 64 துடிப்புகளுக்கு 18 டெசிபெல். ப்ரோப் அதுவரை அசையாதிருக்க வேண்டும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

மேற்பரப்பைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பற்றவைப்பின்போது தெறித்த உலோகத் துளிகளும், பிடிப்பு விட்ட பெயின்டும், உதிரும் நிலையிலுள்ள துருச்செதிலும் ப்ரோப்புக்கும் உலோகத்துக்கும் இடையில் காற்றைப் புகுத்துவன. காற்று புகுந்த இடத்தில் ஒலி புகாது. சுரண்டிச் சுத்தம் செய்யாமல் கருவியைத் திறப்பவரிடம் கருவியைக் கொடுக்கவே கூடாது. ஆனால் இவ்விஷயத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. சாய்கோணப் ப்ரோப்பின் முன்புறத்தில் தாராளமாகப் பூசிய கிளிசரினோ எண்ணெயோ ஒரு மேடாகத் திரண்டு நின்றால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை அதில் மோதித் திரும்பி, உள்ளே இருக்கும் குறையைப்போலவே திரையில் வேஷம் போடும். சந்தேகம் தோன்றினால், எண்ணெயில் நனைத்த விரலால் ப்ரோப்பின் எதிரேயுள்ள மேற்பரப்பை இங்குமங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். விரல் படும்போதெல்லாம் அந்த எழுச்சி குதித்தாடுமாயின் அது மேற்பரப்பின் சிருஷ்டியேயன்றி உட்குறையன்று. காசு செலவில்லாத இந்தச் சோதனை பல நல்ல பற்றவைப்புகளை அரவைச் சக்கரத்தினின்றும் காப்பாற்றியிருக்கிறது.

இரைச்சலைக் காட்டிலும் அபாயகரமானது, ஒற்றையாய், கூர்மையாய், குறைக்குரிய இலட்சணங்கள் யாவும் பொருந்தியதாய் எழுந்து நிற்கும் பொய் எதிரொலி. இது நேர்த்தியான உலோகத்தில்தான் அதிகம் நேரும் என்பது கேட்பவருக்கு ஆச்சரியமாயிருக்கும். 1 மீட்டர் நீளமுள்ள, நன்கு அடித்துருவாக்கிய நுண்மணி எஃகு அச்சு ஒன்றை ஒரு முனையிலிருந்து சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எஃகில் நெட்டலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர்; ஆகவே ஒலி மறுமுனைக்குச் சென்று திரும்ப 339 மைக்ரோவினாடி ஆகும். ஒலியை விழுங்காத அந்த உலோகத்தில் முதற் பயணத்தோடு அது ஓய்ந்துவிடாது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முனைக்கு முனை ஓடிக்கொண்டிருக்கும். கருவியோ வினாடிக்கு 1,000 துடிப்பு வீதம், அதாவது 1,000 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை, புதுத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சுற்று முடிந்து பழைய ஒலி ப்ரோப்பை வந்தடைய 1,017 மைக்ரோவினாடி பிடிக்குமாதலால், அதற்கு 17 மைக்ரோவினாடி முன்பே புதிய துடிப்பு புறப்பட்டு, திரை புதுக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது. கருவிக்குப் பழையதும் புதியதும் தெரியாது. 17 மைக்ரோவினாடியில் வந்த விருந்தாளியை 50 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வெடிப்பு என்று அது சத்தியம் செய்யும். துடிப்பு வீதத்தை மாற்றிப் பார்ப்பதே இதற்குப் பரீட்சை. உண்மையான குறை இடம் பெயராது. இந்த மாயாவியோ இடம் மாறும். வீதத்தை 500 ஆகக் குறைத்தால், ஆறாவது சுற்றில் களைத்து வரும் ஒலி 100 மில்லிமீட்டர் ஆழத்தில் முன்னினும் மெலிந்து தோன்றும், அல்லது அடியோடு மறைந்துபோகும். வேகமாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் துடிப்பு வீதத்தை உயர்த்தி வைத்திருக்கும் தானியங்கிச் சாதனங்களில் இந்தப் பரீட்சையைத் தவறாமல் செய்ய வேண்டும். நீண்ட அச்சுகளில், மறுமுனையின் எதிரொலிக்குப் பின்னால் சம இடைவெளியில் தொடர்ந்து வரும் சில எழுச்சிகளும் உண்டு. கற்றை விரிந்து பக்கச் சுவரில் பட்டு, குறுக்கலையாக மாறி விட்டத்தைக் கடந்து, மீண்டும் நெட்டலையாகித் தாமதமாக வருபவை அவை. எஃகில் அவற்றின் இடைவெளி விட்டத்தின் 0.76 பங்கு. கணக்குப் பொருந்தினால் கவலையை விட்டுவிடலாம்.

இனி, உலோகத்தின் உள்ளிருந்தே பிறக்கும் இரைச்சலுக்கு வருவோம். இதுவே இவ்வத்தியாயத்தின் பிரதான விஷயம். ஏனெனில், வெளியிலிருந்து வரும் இரைச்சலை வெளியேற்றலாம், பொருளின் ஸ்வபாவமாகவே அமைந்ததை என்ன செய்வது?

உலோகம் என்பது எண்ணற்ற படிக மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்த கட்டுமானம். ஒவ்வொரு மணியும் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதால் ஒலியின் வேகம் மணிக்கு மணி சிறிது வேறுபடுகிறது. அந்த எல்லைகளிலெல்லாம் ஒலி சிறிது சிறிதாகச் சிதறி, அதில் ஒரு பகுதி ப்ரோப்புக்கே திரும்பி வருகிறது. மணியின் விட்டம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாயிருக்கும்வரையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 5 மெகாஹெர்ட்ஸ் நெட்டலைக்கு எஃகில் அலைநீளம் சுமார் 1.2 மில்லிமீட்டர், சாதாரண நுண்மணி எஃகில் மணிகள் அதனினும் மிகமிகச் சிறியன. அலைநீளத்தை நோக்க மணிகள் சிறியனவாயிருக்கும் இந்த எல்லைக்குள், சிதறலால் நேரும் மெலிவு மணி விட்டத்தின் கனத்தையும் அதிர்வெண்ணின் நான்காம் படியையும் அநுசரித்து வளர்கிறது. ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் இந்த விதியின்படி, அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் மெலிவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே இரைச்சல் மிகுந்த உலோகத்தில் முதலாவதாகச் செய்யத்தக்கது அதிர்வெண்ணை இறக்குவது. மணிகள் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு பருத்துவிட்டால் இந்தச் சலுகை இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. மேலும், அதிர்வெண் இறங்க இறங்கக் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய குறையின் அளவும் பெருகிக்கொண்டே போகும். அரை அலைநீளத்தை உத்தேச எல்லையாகக் கொண்டால், 5 மெகாஹெர்ட்ஸில் 0.6 மில்லிமீட்டராக இருந்தது 1 மெகாஹெர்ட்ஸில் 3 மில்லிமீட்டராகிவிடும். எந்த அளவுக் குறை உங்கள் பொருளுக்கு ஆபத்தானது என்று வடிவமைப்பாளரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

இந்தச் சங்கடம் உச்சத்தை அடைவது ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகின் பற்றவைப்பில். கல்பாக்கத்தில் 1985-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய, சோடியத்தால் குளிர்விக்கப்படும் சோதனை உலை முதலிய அணுசக்திச் சாதனங்களிலும், இரசாயனத் தொழிற்சாலைகளிலும் இந்த எஃகுக்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. சாதாரணக் கரிம எஃகு பற்றவைத்த பின் குளிரும்போது அதன் படிக அமைப்பே மாறுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்படும் படலங்கள் கீழுள்ளவற்றை மீண்டும் சூடாக்க, பருத்த மணிகள் உடைந்து சிறிதாகின்றன. ஆஸ்டெனைட் எஃகில் அந்த மாற்றம் நிகழ்வதில்லை. கீழ்ப் படலத்தில் தோன்றிய மணி, மேற்படலத்திலும் அதே திசையில் தொடர்ந்து வளர்ந்து, பல மில்லிமீட்டர் நீளமுள்ள தூண்களைப்போல் வரிசையாக நின்றுவிடுகிறது. அத்தூண்களின் வழியே செல்லும் ஒலி சிதறுவதோடு நில்லாமல், திசைக்குத் திசை வேகம் மாறுவதால் தன் பாதையினின்றும் விலகி வளைந்தும் செல்கிறது. ஆகவே எதிரொலி வந்தாலும் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதே வாதத்துக்குரியதாகிவிடும்.

கரிம எஃகின் பற்றவைப்புக்கு நாம் வழக்கமாகக் கையாளும் குறுக்கலைப் ப்ரோப் இங்கே பெரும்பாலும் தோல்வியடையும். ஒரே அதிர்வெண்ணில் குறுக்கலையின் அலைநீளம் நெட்டலையினுடையதில் பாதிக்குச் சற்றே அதிகம்: 2 மெகாஹெர்ட்ஸில் முன்னதற்கு 1.6, பின்னதற்குச் சுமார் 3 மில்லிமீட்டர். சிதறலும் வளைவும் குறுக்கலைக்கே அதிகம். ஆதலால் சாய்கோணத்தில் நெட்டலையைச் செலுத்தும் ப்ரோப்புகளை நாட வேண்டும். அவற்றிலும் அனுப்பும் படிகமும் பெறும் படிகமும் தனித்தனியே அமைந்து, இரண்டின் கற்றைகளும் ஒரு குறித்த ஆழத்தில் ஒன்றையொன்று வெட்டுமாறு செய்யப்பட்ட இரட்டைப் ப்ரோப்பே சிலாக்கியமானது. கற்றைகள் கூடும் பிரதேசத்துக்கு வெளியே சிதறும் ஒலி பெறும் படிகத்தை எட்டுவதில்லை. அனுப்பும் பக்கத்து ஆப்புக்குள் அலையும் ஒலியும் அப்படியே. இதற்கு ஈடாக, ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனி ப்ரோப் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கனத்த பற்றவைப்பை ஒரே ப்ரோப்பால் முடித்துவிட்டதாகச் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை. கற்றை தூண்மணிகளின் அச்சோடு 45 பாகை அளவில் சாய்ந்து செல்லும்போது நெட்டலை மிகக் குறைவாக மெலிகிறது என்பதையும் கோணத்தைத் தேர்ந்தெடுக்கையில் நினைவில் வைக்கலாம்.

சாய்கோண நெட்டலை எப்போதும் தனியே வருவதில்லை. அழையாத துணையாக ஒரு குறுக்கலையும் கூடவே புறப்படும். 60 பாகை நெட்டலைக்கு அது சுமார் 28 பாகையில் செல்லும். அடிப்பரப்பில் பட்டு அது கொண்டுவரும் எதிரொலிகளைக் குறையென்று மயங்காதிருக்க, அவை எங்கே விழும் என்று முன்னதாகவே கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடிப்பரப்பில் மோதிய நெட்டலையின் பெரும்பகுதியும் குறுக்கலையாக உருமாறிவிடுவதால், மோதித் திரும்பும் பாதையை இங்கே நம்பக் கூடாது. நேரடிப் பாதை மட்டுமே நமக்கு உரியது. அதற்கு வசதியாகப் பற்றவைப்பின் மேல்விளிம்பை அரைத்துச் சமமாக்கித் தரும்படி கேட்பதில் ஆய்வாளர் கூச்சப்படலாகாது.

கற்றையை ஒடுக்குவதன் பயனை இன்னும் சற்று ஆராய்வோம். எந்த ஒரு கணத்திலும் ஒலித்துடிப்பு உலோகத்தினுள் ஒரு குறிப்பிட்ட கனபரிமாணத்தை நிரப்பி நிற்கிறது. அதற்குள் அகப்பட்ட மணிகள் அனைத்தும் சேர்ந்து எழுப்புவதுதான் அந்தக் கணத்து இரைச்சல். கற்றையின் செறிவு மாறாதிருந்தால், இரைச்சலின் வீச்சு அக்கனபரிமாணத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது. ஆகவே நன்கு தணிக்கப்பட்ட, குறுந்துடிப்புத் தரும் ப்ரோப்பைக் கொண்டு துடிப்பின் நீளத்தைக் குறைப்பதும், குவிப்பதால் கற்றையின் அகலத்தைக் குறைப்பதும், அதிர்வெண்ணைத் தொடாமலே விகிதத்தை உயர்த்தும் உபாயங்கள். குவிப்பதென்பது படிகத்தின் அண்மைப் புலத்துக்குள்ளேதான் சாத்தியம். அதன் நீளமோ விட்டத்தின் வர்க்கத்தை நான்கு அலைநீளங்களால் வகுத்தால் கிடைப்பது. 2 மெகாஹெர்ட்ஸில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள படிகத்துக்கு அது வெறும் 8.5 மில்லிமீட்டர், 24 மில்லிமீட்டர் படிகத்துக்கோ ஏறத்தாழ 49. அதிர்வெண்ணை இறக்குகிறவர் படிகத்தைப் பெரிதாக்க வேண்டிய காரணம் இதனால் விளங்கும். அமெரிக்க அணு உலைகள் சிலவற்றில், சுழல்வார்ப்பு முறையில் செய்யப்பட்ட துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களின் மணிகள் கண்ணுக்கே தெரியும்படி பருத்திருப்பதால், 0.5 மெகாஹெர்ட்ஸ் வரையில் கீழிறங்கி, கைக்கு அடங்காத பெரிய ப்ரோப்புகளைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

மின் இரைச்சலுக்குச் சொன்ன சராசரி முறை மணி இரைச்சலிடம் செல்லாது. மணிகள் இடம் பெயர்வதில்லை; ஆதலால் ஒவ்வொரு துடிப்புக்கும் அவை அணுவளவும் மாறாத அதே பதிலைத் தருகின்றன. ஒரே நெகடிவிலிருந்து நூறு பிரதிகள் எடுத்தாலும் நெகடிவில் விழுந்த கீறல் நூறிலும் இருப்பதுபோல, நூறு பதில்களைச் சராசரி எடுத்தாலும் இந்த இரைச்சல் குறையாது. பதில்களுக்குள் ஒரு வேறுபாட்டை நாமே உண்டாக்க வேண்டும். ப்ரோப்பைச் சிறிது சிறிதாக நகர்த்தியோ, கோணத்தை மாற்றியோ, அதிர்வெண்ணை மாற்றியோ பார்த்தால், மணிகளின் எதிரொலிகள் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகக் கலந்து வேறு உருவம் காட்டும். உண்மையான குறையோ தன் இடத்தில் நின்று மீண்டும் மீண்டும் பதில் சொல்லும். அநுபவசாலிகள் ப்ரோப்பைக் கையால் மெல்ல ஆட்டிக்கொண்டே திரையைக் கவனிப்பது இதனால்தான். 1982-ஆம் ஆண்டில் நியூஹவுஸ், பில்குதாய், சானீ, ஃபர்கசன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட அலைமாலைப் பகுப்பு முறை, ஓர் அகல அலைவரிசைப் பதிலைப் பல குறுகிய வரிசைகளாகப் பிரித்து, எல்லாவற்றிலும் ஒருங்கே தோன்றுவதை மட்டும் வைத்துக்கொள்ளும் கணித உபாயம். பல சிறு படிகங்களை வரிசையாகக் கொண்ட ஃபேஸ்டு அரே ப்ரோப்போ, பல கோணங்களிலிருந்தும் பல இடங்களிலிருந்தும் வந்த பதில்களை ஒரே பிம்பமாகச் சேர்த்துத் தருகிறது. இரண்டும் நல்லவையே. ஆயினும் கணிதத்துக்கு ஒரு வரம்பு உண்டு: பாரபட்சமின்றி வெட்டும் சூத்திரம், ஒரு கோணத்தில் மட்டும் பதில் சொல்லும் தட்டையான வெடிப்பையும் இரைச்சலென்று கருதி வெட்டிவிடும். எனவே எந்தச் செயலாக்கத்தையும், சோதிக்கப்போகும் பொருளின் அதே உலோகத்தில், அதே முறையில் பற்றவைத்து, தெரிந்த அளவுள்ள குறைகளை வேண்டுமென்றே அமைத்த மாதிரிக் கட்டையில் பரீட்சித்த பின்னரே வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கரிம எஃகில் செய்த கட்டை இதற்கு உதவாது. செயலாக்காத மூலப் பதிலையும் அழிக்காமல் சேமித்து வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் சில பகுதிகளில் விகிதம் போதுமான அளவுக்கு உயராமற் போகலாம். அந்நிலையில் ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதுவது உண்மையாயினும் நேர்மையாகாது. அறிக்கையில், கையாண்ட ப்ரோப், அதிர்வெண், கோணம், மாதிரித் துவாரத்தின் எதிரொலிக்கு எத்தனை டெசிபெல் கீழே இரைச்சல் நின்றது என்னும் அளவு ஆகியவற்றோடு, பற்றவைப்பின் வரைபடத்தில் விகிதம் 6 டெசிபெல்லுக்குக் குறைந்த பகுதிகளைக் கோடிட்டுக் காட்டி, அவை சோதிக்கப்படாதவை என்றே குறிப்பிட வேண்டும். அப்பகுதிகளுக்கு ரேடியோகிராஃபி எடுப்பதா, எதிர்ப்புறத்திலிருந்து அணுகுவதா என்பதைப் பொருளுக்குப் பொறுப்பான எஞ்சினியர் தீர்மானித்துக்கொள்வார்.